சார்ட் (sort) புது அரே தராது

அண்ணே, தமிழ்க் குறிப்பில் "ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் போட்டால் வரிசைப்படுத்திய புது அரே கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அரே (array) என்பது மதிப்புகளின் பட்டியல், சார்ட் அதை வரிசைப்படுத்தும் கட்டளை. புது அரே தருகிற மேப் (map), ஃபில்டர் (filter) கட்டளைகளுக்கு அப்படிச் சொல்லலாம், சார்ட்டுக்குப் பொருந்தாது. அது இருக்கிற அரேயையே கலைத்து அடுக்கிவிட்டு, அதையே திருப்பித் தருகிறது. கையில் ஏதோ வந்து விழுவதால் புதுசு என்று தோன்றும், அவ்வளவுதான். பழையது கெடக் கூடாது என்றால் டூசார்ட்டட் (toSorted) இருக்கிறது; ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில்தான் வந்தது.

அப்புறம் இன்னொன்று. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை 1200, பிச்சி 900, செவ்வந்தி 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சார்ட் போட்டால் 1200, 80, 900 என்று வந்து நிற்கும். எண்களை எழுத்துச் சரமாக (string) மாற்றி முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதால் 1 முந்திக்கொள்கிறது. முதல் எண்ணிலிருந்து அடுத்ததைக் கழித்துத் தரும் ஒரு ஃபங்ஷனை (function) சார்ட்டுக்குள்ளே கொடுத்தால்தான் 80 முன்னால் வரும். ஒரு பூக்கடைக்கு விலைப்பட்டியல் எழுதியபோது நான் இதில் அரை நாளைத் தொலைத்தேன், கடைக்காரர் சிரித்தது தனிக் கதை.

குறிப்பைத் திருத்தும்போது ரிவர்ஸையும் (reverse) பாருங்கள். அதுவும் இருக்கிற அரேயைத்தான் புரட்டிப் போடும்.