வகுப்பு குரூப்பை முதலில் பூட்டுங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் நாம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடுகிறோம். ஆகஸ்டுக்குள் பாதிப் பெற்றோர் அதை மியூட்டில் போட்டிருப்பார்கள். காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், மதியம் யாரோ தள்ளிவிட்ட மனை விற்பனை விளம்பரம், ஒவ்வொரு அறிவிப்புக்குக் கீழேயும் நாற்பது 'ஓகே மிஸ்'. இதற்கு நடுவில் 'நாளை ஜாமெட்ரி பாக்ஸ் கொண்டு வரவும்' என்பது யார் கண்ணில் படும்? பெற்றோருக்கு அக்கறையில்லை என்று நாம் பேசிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், தப்பு குரூப்பை அமைத்த விதத்தில் இருக்கிறது.

செட்டிங்ஸில் போய், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றுங்கள். 2018லிருந்தே இருக்கும் வசதி இது. சந்தேகம் கேட்பவர் தனியாக அனுப்பட்டும். மாலை 5 முதல் 6 வரை பதில் வரும் என்று குரூப் விவரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இரவு பதினோரு மணிக்கும் போன் அடிக்கும். அட்மின் இரண்டு பேர் வேண்டும். ஒரே அட்மினாக இருப்பவர் மாறுதலில் போகும்போது குரூப்பை விட்டு வெளியேறினால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும்.

சிலர் குரூப்பே வேண்டாம், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் போதும் என்பார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். மற்றவருக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிடும், நாம் கவனிக்க மாட்டோம். குரூப்பில் வேறு சிக்கல்: எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அம்மாக்களின் எண்கள் வெளியே போவது பற்றிப் புகார் வரும் ஊர்களில், பல குரூப்புகளை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு நல்லது. அங்கே உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது.

பாடத்துக்கு வருவோம். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். வரும்போது அன்றைய 1.5 ஜிபி ரீல்ஸிலேயே தீர்ந்திருக்கும். அந்த வீட்டுக்கு 40 எம்பி வீடியோ அனுப்பிப் பயனில்லை, குரல் பதிவுதான் போய்ச் சேரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பாட்டியும் அதைக் கேட்டுச் சொல்வார். நாற்பது விநாடிக்குள் முடியுங்கள்: "ஏழாம் வகுப்பு பி. புதன்கிழமை. கணக்கு. பின்னங்கள் பயிற்சியில முதல் அஞ்சு கணக்கு மட்டும். வியாழன் காலைல நோட்டு வரணும்." மைக்கை அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும், ஒரு நொடி விட்டுத் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கூடவே அதையே ஒரு வரி எழுத்தாகவும் போடுங்கள், ஏனென்றால் பழைய ஆடியோவைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

வீடியோதான் வேண்டும் என்றால் கரும்பலகையைப் படம் பிடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், எழுத்து தெரியாது. ஸ்டூல் விளிம்பில் கேமரா மட்டும் வெளியே நீட்டும்படி போனை வைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். கீழே தரையில் நோட்டு. வலக்கையால் எழுதுபவருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் கை நிழல் எழுத்தின்மேல் விழாது. மூன்று நிமிடம் போதும். யூடியூபில் அன்லிஸ்டட் ஆக, அதாவது தேடலில் வராமல் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினால் யார் போனும் நிரம்பாது. 'குழந்தைகளுக்கானது' என்று குறித்துவிட்டால் கமெண்ட் பகுதியும் மூடிக்கொள்ளும். அதுவே ஒரு நிம்மதி.

வீட்டுப்பாடத்தை குரூப்பில் போட்டோவாக வாங்குவது வீண் வேலை. நாற்பது பிள்ளை, ஆளுக்கு மூன்று பக்கம், ராத்திரிக்கு 120 படம். பாதி சாய்ந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. முதலில் போட்டவனைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், தப்போடு சேர்த்து. மாற்று எளிது. வரிசை எண்படி ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஒரே ஒரு கணக்கு, தனிச் செய்தியில், பக்கத்தின் தலையில் பெயரும் எண்ணும். எட்டு நாளில் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று கீழே உள்ள பகுதிகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் வாட்ஸ்அப்பின் பேனாவால் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். சரியான விடையை எழுதாதீர்கள். மறுநாள் அவனே வந்து கேட்பான்.

மதிப்பெண் பட்டியலை குரூப்பில் போடவே கூடாது, இதில் விவாதமே இல்லை. பள்ளியின் முகநூல் பக்கத்தில் பிள்ளையின் முகம், பெயர், வகுப்பு மூன்றையும் சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைகள். பிளஸ் டூ மாணவரில் பெரும்பாலோர் அதில் அடக்கம். படம் போடுமுன் பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏப்ரலில் ஏழாம் வகுப்பு குரூப்பின் பெயரை 'எட்டாம் வகுப்பு' என்று மாற்றி அப்படியே ஓட்டாதீர்கள். டிசி வாங்கிப் போன பிள்ளையின் வீடும் அதிலேயே இருக்கும். தேவையான கோப்புகளை டிரைவில் ஏற்றிவிட்டு, எல்லாரையும் நீக்கி, கடைசியாக நீங்கள் வெளியேறுங்கள்.