கிராம்வெல்லுக்கு 17 பி கொடுத்தார்களா?

(அத்தை பதிவுத்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுதா அவருடைய மருமகள். டிவியில், இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல்லைப் பற்றிய பிபிசி தொடர் ‘உல்ஃப் ஹால்’ ஓடுகிறது.)

அத்தை: சுதா, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்று. டிவி போய்விட்டது போலிருக்கிறது.

சுதா: டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை அத்தை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை இல்லையா, இரவுக் காட்சிகளை நிஜமாகவே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள்.

அத்தை: அரண்மனை என்கிறாய். நாலு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினால் குறைந்தா போவார்கள்? சரி, மூலையில் வாயைத் திறக்காமல் நிற்கிறானே, அவன் யார்?

சுதா: அவர்தான் ஹீரோ. கிராம்வெல். மார்க் ரைலன்ஸ் நடித்திருக்கிறார்.

அத்தை: ஹீரோவா! நான் டபேதார் என்று நினைத்தேன். அந்தச் சிவப்பு அங்கிக்காரர்?

சுதா: கிராம்வெல்லின் முதலாளி. கார்டினல் தாமஸ் வுல்சி.

அத்தை: இவரும் தாமஸா? எதிரே உட்கார்ந்திருப்பவர்?

சுதா: தாமஸ் மோர்.

அத்தை: ராஜா கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் அப்பா?

சுதா: தாமஸ் போலின். கல்யாணத்துக்கு வழி பண்ணுகிற பாதிரியார் தாமஸ் கிரான்மர். அப்புறம் பெண்ணின் தாய்மாமன் நார்ஃபோக் பிரபு, அவர் பெயர்...

அத்தை: சொல்லாதே. தாமஸ்.

சுதா: தாமஸ் ஹவர்ட்.

அத்தை: ஒரே பெயரில் ஆறு பேர்! இவர்களுக்கு வில்லங்கச் சான்று போடச் சொன்னால் என் கதி என்ன ஆகியிருக்கும்? இனிஷியல் இல்லாமல் எப்படித்தான் ராஜ்யம் நடத்தினார்களோ. நம்ம ஆளின் தகப்பனார் யார்?

சுதா: வால்டர். லண்டன் பக்கத்தில் பட்னி என்ற ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். பீரும் காய்ச்சி விற்றார்.

அத்தை: பட்டறைக்காரர் பிள்ளை மந்திரியா? குரூப் ஒன் எழுதி வந்தானா?

சுதா: சின்ன வயதில் வீட்டை விட்டுப் போய், இத்தாலி, ஆன்ட்வெர்ப் என்று சுற்றிவிட்டு, திரும்பி வந்து வக்கீல் தொழில் பார்த்து, வுல்சியிடம் சேர்ந்தார்.

அத்தை: நேரடி நியமனம். இருக்கட்டும். ராஜா ஏன் முகத்தை அப்படி வைத்திருக்கிறார்?

சுதா: கேத்தரின் ராணியிடம் ஆண் வாரிசு இல்லை. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்துவிட்டு ஆன் போலினைக் கட்ட வேண்டும். போப் அனுமதி தர மாட்டேன் என்கிறார். கேத்தரினின் அக்கா மகன் பேரரசர் சார்லஸ். 1527இல் அவருடைய படை ரோமையே சூறையாடியிருக்கிறது. போப் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

அத்தை: ஃபைல் மேலே தூங்குகிறது. கீழே யார் தலை உருண்டது?

சுதா: வுல்சி. 1529இல் பதவி போயிற்று. அடுத்த வருடம் கைதாகி லண்டனுக்கு வருகிற வழியிலேயே செத்துப் போனார்.

அத்தை: பாவம் மனுஷன். தலைமை அலுவலகம் கையெழுத்துப் போடாததற்கு இவர் என்ன செய்வார்? கிராம்வெல் என்ன செய்தான்?

சுதா: நாடாளுமன்றத்தில் வரிசையாகச் சட்டம் கொண்டுவந்தார். 1533இல், ரோமுக்கு மேல்முறையீடு போகக் கூடாது. 1534இல், இங்கிலாந்துத் திருச்சபைக்கு ராஜாதான் தலைவர்.

அத்தை: (நிமிர்ந்து உட்கார்ந்து) இரு, இரு. மேலிடம் கையெழுத்துப் போடவில்லை. அதனால் மேலிடமே கிடையாது என்று ஒரு ஜி.ஓ. போட்டு, கையெழுத்து அதிகாரத்தைத் தன் முதலாளிக்கே வாங்கிக் கொடுத்துவிட்டானா?

சுதா: அதேதான்.

அத்தை: இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டேன். இப்படி ஒரு யோசனை எனக்கு ஒரு நாளும் வரவில்லையே!

சுதா: அதோடு விடவில்லை. 1535இல் ஆள் அனுப்பி மடங்களின் சொத்தையெல்லாம் கணக்கெடுத்தார். 1540க்குள் ஒரு மடம் பாக்கியில்லை, எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.

அத்தை: முதலில் மதிப்பீடு, அப்புறம் கையகப்படுத்தல். நடைமுறை சரிதான். பாவ புண்ணியத்தை நான் சொல்லவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன்.

சுதா: உங்களுக்குப் பிடித்த மாதிரி இன்னொன்றும் செய்தார். 1538இல் ஓர் உத்தரவு. ஊருக்கு ஊர் தேவாலயத்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அத்தை: என்னது? ஜனன மரணப் பதிவேடா?

சுதா: ஞாயிற்றுக்கிழமைதோறும், போன வாரம் நடந்ததைச் சாட்சி வைத்து எழுத வேண்டும். பதிவேட்டை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி. ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று தேவாலய நிர்வாகிகளிடம்.

அத்தை: இரட்டைப் பூட்டு! எழுதாவிட்டால்?

சுதா: மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம்.

அத்தை: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) சுதா, இவர் நம்ம டிபார்ட்மென்ட். அந்த வால்யூமை ஏற்று. இவருக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது.

சுதா: ரொம்பப் பரிந்து பேசாதீர்கள். ஆன் போலினை ராணியாக்கினாரே, 1536இல் ராஜாவுக்கு அலுத்ததும் அவள் மேல் வழக்கு ஜோடித்ததும் இவர்தான். மே 19 தலையை வெட்டினார்கள். பதினோராவது நாள் ராஜா ஜேன் சீமோரைக் கட்டிக்கொண்டார்.

அத்தை: தப்புதான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராஜா அதை எழுத்தில் கொடுத்தாரா, வாய்மொழி உத்தரவா? வாய்மொழி உத்தரவை நம்பி வேலை பார்க்கிறவர் பிழைத்ததே இல்லை.

சுதா: மாட்டியது வேறு விஷயத்தில். ஜேன் பிள்ளை பெற்ற கையோடு இறந்துவிட்டார். கிளீவ்ஸ் நாட்டு இளவரசி, இவள் பெயரும் ஆன், அவளை ராஜாவுக்குப் பேசி முடித்தது கிராம்வெல். ஹோல்பைன் என்ற ஓவியரை அனுப்பிப் படம் வரைந்து வரச் செய்தார்கள். ராஜாவும் படம் பார்த்துச் சரி என்றார்.

அத்தை: ஐயையோ! ஆபீஸ் வேலையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? மேலதிகாரிக்கு வரன் பார்த்தவன் உருப்பட்டிருக்கிறானா?

சுதா: 1540 புத்தாண்டு அன்று, ரோச்செஸ்டரில் தங்கியிருந்த பெண்ணைப் பார்க்க ராஜா மாறுவேடத்தில் போய் நின்றார். பார்த்ததும் பெண் தன்னைக் கண்டுகொண்டு உருகிவிடுவாள் என்று நினைப்பு. அவள் யாரோ என்று திரும்பிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே காளை மேல் நாயை ஏவும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை: பின்னே? ஆள் பருமன், காலில் ஆறாத புண், நாற்பத்தெட்டு வயது. இதில் மாறுவேடம் வேறு. ராஜாவாய் லட்சணமாய் வாசல் வழியாகப் போயிருக்கலாமே.

சுதா: எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் ஜனவரி 6 கல்யாணம், ஜூலையில் ரத்து. ஆனுக்கு மாளிகைகள், வருமானம், ராஜாவின் சகோதரி என்ற அந்தஸ்து. ராஜா போன பிறகும் பத்து வருடம் இருந்தார்.

அத்தை: இந்த மொத்தக் கதையில் செட்டில்மென்ட் ஒழுங்காக வாங்கியது அந்தப் பெண் ஒன்றுதான். நம்மவர் தப்பித்தாரா?

சுதா: ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு என்று பட்டம் கொடுத்தார்கள்.

அத்தை: அப்பாடா, பதவி உயர்வு.

சுதா: ஜூன் 10, ஆலோசனை சபைக் கூட்டத்தில் வைத்தே கைது. நார்ஃபோக் பிரபு அவர் கழுத்திலிருந்த பதக்கத்தைப் பிடுங்கினார்.

அத்தை: எந்தத் தாமஸ்? தாய்மாமனா? 17 பி குற்றச்சாட்டு மெமோ கொடுத்தார்களா? விளக்கம் கேட்டார்களா? விசாரணை அதிகாரி யார்?

சுதா: விசாரணையே கிடையாது அத்தை. துரோகி என்று நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தக் குறுக்குவழியை மற்றவர்கள் மேல் தாராளமாகப் பிரயோகித்தவரே இவர்தான்.

அத்தை: தான் தயாரித்த படிவத்தில் தன் பெயரையே நிரப்பிவிட்டார்களா!

சுதா: ஜூலை 28, டவர் ஹில்லில் தலை போயிற்று. அன்றைக்கே ராஜாவுக்கு அடுத்த கல்யாணம். பெண் கேத்தரின் ஹவர்ட். நார்ஃபோக்கின் தம்பி மகள்.

அத்தை: முதலில் சகோதரி மகள், இப்போது தம்பி மகளா? அடப்பாவி! காலியிடத்தை விளம்பரமே செய்யாமல் சொந்தத்திலேயே நிரப்புகிறான்.

சுதா: அப்புறம் ராஜா புலம்பினாராம். இவ்வளவு விசுவாசமான ஊழியர் எனக்கு வாய்த்ததே இல்லை, பொய் சொல்லி என்னைக் கொல்ல வைத்துவிட்டார்கள் என்று. பிரெஞ்சுத் தூதர் எழுதிவைத்திருக்கிறார்.

அத்தை: எல்லா அதிகாரிகளும் பிரிவு உபசார விழாவில் பேசுகிற பேச்சு. இவர் பேசத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். குடும்பம்?

சுதா: கிரிகரி என்று ஒரு மகன்.

அத்தை: பணியில் இருக்கும்போதுதானே இறந்தார்? மகனுக்குக் கருணை அடிப்படையில் ஏதாவது கொடுத்தார்களா?

சுதா: கொடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே பரோன் பட்டம்.

அத்தை: ஜூலையில் இறப்பு, டிசம்பரில் ஆணையா? ஐந்து மாதம்கூட ஆகவில்லையே! வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபணை இல்லாச் சான்று எல்லாம் அதற்குள் வாங்கியாயிற்றா? சுதா, அந்த ஃபைலை நகர்த்திய கிளார்க் யார் என்று கண்டுபிடி. அடுத்த சீரியல் அவனைப் பற்றி எடுக்கச் சொல்லலாம்.