கரீபியன் இலக்கியச் செய்திகளில் காணாமற்போகும் நூலகங்கள்

கரீபியன் தீவுகளிலிருந்து வரும் இலக்கியச் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பரிசு வென்ற கவிஞரின் முகமும் விழா மேடையும் புதிய நாவலின் அட்டையும் உடனுக்குடன் நம்மை வந்தடைகின்றன. அதே தீவில் பொது நூலகத்தின் கூரை பெயர்ந்து, நூல்கள் பெட்டிகளில் அடைபட்டுக் கிடப்பது மட்டும் அரிதாகவே செய்தியாகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காதவரை அந்த இலக்கியத்தைப் பற்றி நாம் பாதிதான் அறிந்திருக்கிறோம் என்பது என் கருத்து. இலக்கியம் செழித்தால் நூலகமும் தானாகச் செழித்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். கரீபியனின் அனுபவம் இந்த நம்பிக்கைக்கு நேர்மாறாக இருக்கிறது.

ஆன்டிகுவாவை எடுத்துக்கொள்வோம். 1974ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் தலைநகர் செயின்ட் ஜான்ஸின் பொது நூலகக் கட்டடம் சேதமடைந்தது. பழுதுபார்ப்பு நடைபெறவிருப்பதாக ஓர் அறிவிப்பு வைக்கப்பட்டது. அறிவிப்பு நிலைத்தது, பணி நடக்கவில்லை. நூல்களில் ஒரு பகுதி ஒரு கடையின் மாடிக்குக் குடிபெயர, எஞ்சியவை அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை பிடித்தன. சிறுமியாக இருந்தபோது அந்த நூலகத்தைப் பயன்படுத்திய, அங்கிருந்து நூல்களைத் திருடியதையும் பின்னாளில் ஒப்புக்கொண்ட ஜமைக்கா கின்கெய்ட் (பெயரில் ஜமைக்கா இருந்தாலும் பிறந்தது ஆன்டிகுவாவில்தான்) 1988இல் வெளியான 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சிறு நூலில் இந்த அவலத்தைக் கடுங்கோபத்துடன் எழுதினார். தன் தாய்நாட்டைப் பற்றிய அவருடைய சினம் முழுவதும் அந்தச் சிதைந்த கட்டடத்தின் மீது வந்து குவிவதைப் போன்ற பக்கங்கள் அவை. காலனிய ஆட்சியையும் அதற்குப் பின் வந்த உள்நாட்டு ஆட்சியாளர்களின் ஊழலையும் அவர் ஒரே மூச்சில் குற்றஞ்சாட்டியதால், நூல் வெளிவந்த காலத்தில் ஊரில் பலருக்கு அது உவப்பாக இல்லை.

அந்நூல் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று, ஆய்வேடுகள் எழுதப்பட்டன, கருத்தரங்குகள் நடந்தன. ஆயினும் ஆன்டிகுவாவுக்கு ஒரு புதிய பொது நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது 2014இல்தான். நிலநடுக்கத்திலிருந்து 40 ஆண்டுகள். நூல் வெளிவந்ததிலிருந்து 26 ஆண்டுகள். இதற்கிடையே 1981இல் நாடு விடுதலையும் பெற்றுவிட்டது. நிலநடுக்கத்தின்போது பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளை தன் ஊரில் ஒரு முறையான நூலகத்துக்குள் மீண்டும் நுழையும்போது அதற்கு ஐம்பது வயது. உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியும் இந்த நிலை என்றால், அத்தகைய எழுத்தாளர் வாய்க்காத தீவுகளின் நூலகங்களுக்காக யார் பேசுவார்கள்?

இதை வெறும் பணப்பற்றாக்குறை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளில் பல பொது நூலகங்கள் அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையில் எழுந்தவை. பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் நூலகம் 1906இல் திறக்கப்பட்டது. கயானாவின் ஜார்ஜ்டவுன், டிரினிடாடின் சான் ஃபெர்னாண்டோ ஆகிய ஊர்களுக்கும் அந்தக் கொடை வந்தது. கட்டடத்துக்குப் பணம் தருவார், நிலத்தையும் ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவையும் உள்ளூர் நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பதே கார்னகி பொதுவாக விதித்த நிபந்தனை. கட்டடத்தைத் திறப்பது எளிது. கொடையாளரின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம். கூரை ஓடுகளை மாற்றுவதற்கும் கரையானை ஒழிப்பதற்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. பிரிட்ஜ்டவுனின் அந்த அழகிய கட்டடம் பழுதடைந்து மூடப்பட, நூலகம் வேறு இடத்துக்கு மாற நேர்ந்ததற்கு எந்தப் புயலும் காரணமல்ல.

புயலும் தன் பங்குக்கு வரத்தான் செய்கிறது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி டொமினிக்காவைத் தாக்கியபோது தலைநகர் ரோஸோவின் பழைய கார்னகி நூலகம் சிதைந்தது. அதே ஊரில் 1890இல் பிறந்த ஜீன் ரைஸ் ஆங்கில இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றவர். அவர் வளர்ந்த வீடும் 2020இல் இடிக்கப்பட்டபோது வெளிநாடுகளிலிருந்து வருத்தக் குரல்கள் எழுந்தன. எழுத்தாளரின் வீட்டுக்காக வருந்தியவர்கள் நூலகத்துக்காக அந்த அளவுக்கு வருந்தியதாக எனக்கு நினைவில்லை. எனக்கோ இழப்பின் வரிசை தலைகீழாகத் தோன்றுகிறது. வீடு ஒரு நினைவுச் சின்னம் மட்டுமே. நூலகம் அடுத்த ஜீன் ரைஸ் படிக்க வேண்டிய இடம்.

தீவுகளின் எழுத்து தீவுகளுக்கு வெளியே அச்சாகிப் பழகியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செயின்ட் லூசியாவின் டெரெக் வால்காட் 1948இல், பதினெட்டு வயதில், தாயிடம் 200 டாலர் பெற்றுத் தம் முதல் கவிதைத் தொகுப்பை டிரினிடாடில் அச்சிட்டுத் தாமே தெருவில் நின்று விற்றார். 1943 முதல் 1958 வரை பிபிசி ஒலிபரப்பிய 'கரீபியன் வாய்சஸ்' நிகழ்ச்சியை ஜமைக்காவின் ஊனா மார்சன் தொடங்கிவைத்தார். தீவுகளில் எழுதப்பட்ட கதைகளும் கவிதைகளும் லண்டனுக்குக் கப்பலேறி, அங்கிருந்து வானொலி அலையாகத் தீவுகளுக்கே திரும்பி வந்தன. இன்றும் கரீபியன் எழுத்துக்கு முக்கியமான பதிப்பகங்களுள் ஒன்றான பீப்பல் ட்ரீ பிரஸ் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இயங்குகிறது. பவுண்டு விலையில் வரும் நூலை வாங்க இயலாத தீவு வாசகருக்கு அரசு நூலகத்தின் அலமாரியை விட்டால் வேறு வழி என்ன இருக்கிறது?

டிரினிடாடைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நூலகமும் பொதுவாழ்வும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. 1954இல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் பொது நூலகத்தில் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸும் துறவி டொம் பேசில் மாத்யூசும் அரிஸ்டாட்டிலைப் பற்றி நடத்திய விவாதத்துக்குக் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு வில்லியம்ஸின் சொற்பொழிவுகள் அருகிலிருந்த வுட்ஃபோர்டு சதுக்கத்துக்கு நகர்ந்தன. அந்தத் திறந்தவெளியையே அவர் பல்கலைக்கழகம் என்று அழைத்தார். அங்கிருந்து புறப்பட்ட அரசியல்தான் நாட்டை விடுதலைக்கு இட்டுச்சென்றது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1960இல் அதே நூலகத்தில், வில்லியம்ஸின் முன்னாள் ஆசிரியரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் நவீன அரசியலைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாக அச்சானபோது, ஆட்சியில் இருந்த வில்லியம்ஸின் அரசு படிகளை வெளியே விடாமல் கிடங்கில் முடக்கிவைத்தது. நூலக மேடையிலிருந்து எழுந்தவரே நூலுக்குப் பூட்டுப் போட்டார். இன்று மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் அகஸ்டின் நூலகத்தில் இருவருடைய தொகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பதை அறிந்தபோது, நூலகங்களுக்கு மனிதர்களைவிட நீதியுணர்வு அதிகம் என்று தோன்றியது.

போர்ட் ஆஃப் ஸ்பெயினின் புதிய தேசிய நூலகம் 2003இல் திறக்கப்பட்டது. 2011இல் தொடங்கிய போக்காஸ் இலக்கிய விழா அந்நூலகத்தையே தன் களமாகக் கொண்டது. அந்த விழாவின் 10,000 அமெரிக்க டாலர் பரிசை முதல் ஆண்டு வால்காட், 2015இல் விளாடிமிர் லூசியன், 2021இல் கனீசியா லூப்ரின் என்று, இரண்டு இலட்சம் மக்கள்கூட இல்லாத செயின்ட் லூசியாவைச் சேர்ந்த மூவர் வென்றிருக்கிறார்கள். விழாவை நூலகத்துக்குள் வைத்த அந்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கவிஞரைக் கேட்க வந்தவர் வாசலிலேயே நூலக உறுப்பினராகும் வாய்ப்பு வேறெந்த மண்டபத்திலும் இல்லை.

ஜமைக்காவில் 2001 முதல் ட்ரெஷர் பீச் என்ற மீனவ ஊரில் நடைபெறும் கலபாஷ் விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடலோரப் பந்தலில் ஆயிரக்கணக்கானோர் கவிதை கேட்கிறார்கள். இந்த விழாக்கள் இல்லாதிருந்தால் இலக்கியம் வகுப்பறைக்குள் முடங்கியிருக்கும் என்று நண்பர்கள் வாதிடுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் 1948 முதல் இயங்கிவரும் நூலகச் சேவை மாவட்ட நூலகங்களும் கிளைகளும் நடமாடும் நூலகங்களுமாகக் கிராமம் வரை சென்றிருப்பதால்தான் அந்தப் பந்தலில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று நான் சொல்வேன். அரசவைக் கவிஞர் பதவியை ஜமைக்காவின் தேசிய நூலகமே நடத்துகிறது. கலபாஷ் விழாவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான குவாமே டாஸ் 2025இல் அப்பதவியை ஏற்றார். நான் படித்த செய்திகளில் கவிஞரின் பெயர் மட்டும் வந்தது, நூலகத்தின் பங்கு கடைசி வரியில்கூட வரவில்லை.

ஹெய்ட்டியின் நிலை இவை எல்லாவற்றையும்விடக் கொடிது. 2024 ஏப்ரலில் ஆயுதக் கும்பல்கள் போர்ட்-ஓ-பிரின்ஸின் தேசிய நூலகத்துக்குள் புகுந்து சூறையாடின. இருநூறு ஆண்டுப் பழமையான ஆவணங்களைக் கொண்ட இடம் அது. 1804இல் அந்நாடு வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தின் அச்சுப்படி ஒன்று 2010இல் லண்டனிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் கண்டெடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், நூலகம் இழந்த நாடு தன் சொந்தப் பிறப்புச் சான்றுக்கும் அயலாரின் அலமாரியைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழராகிய நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும், சென்னைத் துறைமுகம் வழியாக கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுடைய பெயரும் ஊரும் ஏறிய கப்பலும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. கயானா, டிரினிடாட், சுரினாம் முதலிய நாடுகளிலுள்ள ஒப்பந்தக் கூலிகளின் ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அந்தத் தாள்கள் ஈரத்தில் நைந்தால் நம் ஊர்க்காரர்கள் சிலரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே வரியும் போய்விடும்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004இல் உருவான கரீபியன் மின்னூலகம் பழைய செய்தித்தாள்களையும் அரிய நூல்களையும் உலகுக்கே திறந்துவைத்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது பெரும் பேறு. ஆனால் புயலில் மின்கம்பம் சாய்ந்த கிராமத்துப் பிள்ளைக்கு அது கிளை நூலகமாகாது. பதிப்புரிமை உள்ள, சென்ற ஆண்டு பரிசு பெற்ற நாவல் அங்கே இலவசமாகக் கிடைக்கப்போவதுமில்லை.

ஆகவே விழா அமைப்பாளர்களிடமும் அத்தீவுகளின் அரசுகளிடமும் நான் எதிர்பார்ப்பது இது. போக்காஸ் போன்ற பரிசுகளின் குறும்பட்டியலுக்கு வரும் ஒவ்வொரு நூலையும் கரீபியன் சமூகம் (காரிகாம்) என்ற கூட்டமைப்பின் நாடுகள் கூட்டாகப் பதிப்பகத்திடமிருந்து மொத்த விலைக்கு வாங்கி, கிளைகள் வரை அனுப்ப வேண்டும். பதிப்பகத்துக்கு அது உறுதியான விற்பனை. சிறிய தீவுகள் தனித்தனியே பேரம் பேசுவதைவிடச் செலவும் குறைவு. பரிசுச் செய்தியை வெளியிடும் இதழ்கள், அந்நூல் வென்றவரின் சொந்த ஊர் நூலகத்தில் கடனாகக் கிடைக்கிறதா என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். கிடைக்கவில்லை என்றால் அதையும் அச்சிடட்டும்.