பன்னிரண்டாவது வாரத்தில் வந்த பணம்

என் மகள் பிறந்து பன்னிரண்டாவது வாரத்தின் வியாழக்கிழமை காலையில், மாநில அரசு எனக்குத் தர வேண்டியிருந்த குடும்ப விடுப்புத் தொகை, அதுவரை சேர்ந்தது முழுவதும் ஒரே தவணையாக வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறந்த குழந்தையோடு வீட்டில் இருப்பதற்கென்றே சட்டம் இயற்றித் தரப்படும் பணம், வீட்டில் இருக்கும் நாள்கள் தீரும் நேரத்தில் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகு இதை எழுதுவதற்குக் காரணம், சென்ற மாதம் மட்டும் எனக்குத் தெரிந்த மூன்று பெண்கள், ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடியே, "இன்னும் வரவில்லையே, என்ன செய்வது?" என்று கேட்டதுதான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக இங்குள்ள நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா முழுமைக்கும் பொருந்தும், ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்புச் சட்டம் என்று ஒன்று இல்லை. 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரங்கள் வேலையைக் காப்பாற்றித் தருகிறது. ஆனால் அந்த வாரங்களுக்குச் சம்பளம் கிடையாது. அதுவும் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், ஓராண்டு பணியாற்றி, அந்த ஆண்டில் 1,250 மணி நேரமாவது உழைத்தவர்களுக்குத்தான். இந்தக் குறையை மாநிலங்கள் தனித்தனியாக நிரப்பத் தொடங்கின. கலிபோர்னியா 2002இல் சட்டம் இயற்றி 2004 ஜூலையில் முதன்முதலாகப் பணம் கொடுத்தது. நியூ ஜெர்சி 2009, நியூ யார்க் 2018, வாஷிங்டன் 2020, மாசசூசெட்ஸ் 2021, ஓரிகன் 2023, கொலராடோ 2024 என்று பட்டியல் மெல்ல வளர்ந்திருக்கிறது. இன்றும் பெரும்பான்மையான மாநிலங்களில் இப்படி ஒரு திட்டமே இல்லை. ஆகவே, எங்கள் மாநிலத்தில் அது இருந்ததே பெரிய விஷயம் என்பதை மனதார ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது உணவு மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில். மொத்தம் முப்பது பேர். மத்தியச் சட்டம் எங்களைத் தொடாது. மாநிலத் திட்டம் ஒன்றுதான் எனக்கு ஆதாரம். குழந்தை பிறந்த நான்காம் நாள், மருத்துவமனையில் இருந்து வந்த மறுநாள் மாலை, அம்மா குழந்தையை மடியில் வைத்திருந்த நேரத்தில் இணையத்தில் விண்ணப்பித்தேன். மருத்துவரின் சான்று, பிறப்புக்கான மருத்துவமனைப் பதிவு, சம்பளச் சீட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இல்லாமல் போனது என் பெயர்.

இதைத் தமிழர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயர், முன்னால் அப்பாவின் பெயரின் முதலெழுத்து. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயரின் இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அரசு தரும் அடையாள எண் உள்ள என் சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த மூன்று எழுத்துகள் இருந்தன. வேலையில் சேர்ந்தபோது சம்பளப் பிரிவில் இருந்தவர், அப்படி ஒரு பெயர் இருக்க முடியாது என்று நல்லெண்ணத்தோடு அதை நீக்கிவிட்டு, என் பெயரை முதற்பெயராகவும் கணவரின் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்திருந்தார். மூன்றரை ஆண்டுகள் அந்தப் பெயரில்தான் என் சம்பளமும் அதிலிருந்து பிடித்த பங்களிப்பும் மாநில அரசுக்குப் போயின. பணம் பிடிக்கும்போது ஒரு முறைகூடப் பெயர் இடறவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில்தான், விண்ணப்பித்தவரும் சம்பளம் வாங்கியவரும் ஒரே ஆள்தானா என்ற ஐயம் கணினிக்கு வந்தது.

அந்த ஐயத்தை எனக்குத் தெரிவிக்கும் கடிதம் தபாலில் வந்தது. அதில் இருந்த தேதிக்கும் அது எங்கள் அஞ்சல் பெட்டிக்கு வந்த நாளுக்கும் இடையில் எட்டு நாள் போயிருந்தது. பதில் அனுப்ப அதில் கொடுத்திருந்த அவகாசம் பத்து நாள். கேட்ட ஆவணங்களை மறுநாளே ஃபேக்ஸில் அனுப்பினோம். அதன் பிறகு ஆறு வாரங்கள் திரையில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி இணைப்பு திறக்கும். எட்டடித்து ஒரு நிமிடம் ஆனாலும், எல்லா இணைப்புகளும் நிரம்பிவிட்டன, பிறகு அழையுங்கள் என்று பதிவுக் குரல் சொல்லித் துண்டித்துவிடும். இரவு மூன்று முறை எழுந்து பால் கொடுத்த பெண், கண்ணயரக் கிடைக்கும் அந்தக் காலை நேரத்தில் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்காகக் காத்திருந்தாள் என்பதை எந்த அரசுப் பதிவேடும் கணக்கில் வைக்காது. நான் வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொரு அழைப்புகள்.

ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா, ஊரில் இருந்து சுக்கும் திப்பிலியும் பிரசவ லேகியமும் கொண்டுவந்து, பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறுமாக என்னைத் தேற்றினார். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் எதையும் நினைத்து வருந்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் முதல் தேதி வந்தால் வாடகை 2,300 டாலர். ஐந்தாம் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம். பிரசவச் செலவில் காப்பீடு ஏற்காத பங்கிற்கான பில் தனியாக வந்தது. குழந்தைக் காப்பகத்தில் இடம் பிடிக்க முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. கணவரின் சம்பளத்தில் வாடகையும் கார் தவணையும் போனால் மளிகைக்குத்தான் மிச்சம். இரண்டாம் மாத வாடகையைக் கடன் அட்டையில் போட்டோம். அம்மாவின் திரும்பும் பயணச்சீட்டுக்கென்று வைத்திருந்த பணத்தையும் தொட்டோம். அது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தோம், தெரிந்திருக்கிறது. குடும்பத்தில் பொங்கலுக்கு ஆளுக்கொரு புடவை வாங்கத் தந்திருந்த பணத்தை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நாங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பதே உண்மை. எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளைப் பிரித்துக் கட்டும் பிரிவில் இருக்கும் ஒரு பெண், குவாதமாலாவில் இருந்து வந்தவர், எனக்கு நான்கு மாதம் முன்பு மகனைப் பெற்றார். கணவர் இல்லை; ஒற்றைச் சம்பளம். அவர்கள் வழக்கப்படி தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. சம்பளப் பதிவில் ஒன்றுதான் இருந்தது. எனக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. நான்கு வாரம் காத்திருந்துவிட்டு, ஐந்தாவது வாரம் முடிந்ததும், அறுவை சிகிச்சைத் தழும்பு ஆறாத வயிற்றோடு அவர் வேலைக்கு வந்துவிட்டார். நின்றபடி செய்யும் வேலை. வேலைக்குத் திரும்பியதால் மீதி வாரங்களுக்கான விடுப்புத் தொகையும் அப்போது அவருக்கு இல்லாமல் போயிற்று. தாமதத்தால் எனக்கு வந்தது கடன் அட்டைக்கு வட்டி. அவருக்குப் போனதோ மகனோடு இருக்க வேண்டிய ஏழு வாரங்கள். அந்த வாரங்களை எந்தத் துறையும் பின்தேதியிட்டு வழங்க முடியாது.

இந்த விடுப்புத் தொகை அரசின் கொடை அன்று என்பதை நம்மவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பல மாநிலங்களில் இது தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காப்பீடு. கலிபோர்னியாவில் 2025ஆம் ஆண்டுக்கான பிடித்தம் சம்பளத்தில் 1.2 விழுக்காடு. 2024 முதல் அதற்கு உச்சவரம்பும் இல்லை. வேறு சில மாநிலங்களில் முதலாளியும் ஒரு பங்கு செலுத்துகிறார். வேலைக்கான எச்-1பி விசாவில் இருந்தாலும், அவர்களின் துணைவருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி பெற்று உழைத்தாலும் பிடித்தம் ஒன்றுதான். அரசிடம் பணம் வாங்கினால் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்குப் பாதகமாகுமோ என்ற அச்சத்தில் விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பெண்களை எனக்குத் தெரியும். உழைத்து ஈட்டிய காப்பீட்டுத் தொகையும் ஏழ்மைக்கான உதவித்தொகையும் வேறு வேறு; அந்த அச்சத்தால் உங்கள் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

எந்தக் காப்பீட்டுக்கும் ஒரு காலம் உண்டு. பிறந்த குழந்தையின் முதல் வாரங்களுக்கென்று எடுத்த காப்பீடு அந்த வாரங்களிலேயே வந்தாக வேண்டும். திட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆவணங்கள் முழுமையாக வந்து சேர்ந்தால் இரண்டு வாரத்துக்குள் முடிவு என்றுதான் கலிபோர்னியா சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகப் பணம் தரும் நியூ யார்க்கில் 18 நாள். சிக்கல் முழுவதும் 'முழுமையாக' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு கட்டம் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் முழுமையற்றதாகிவிடும், கடிகாரமும் நின்றுவிடும். 2020இல் வாஷிங்டன் மாநிலத்தில் திட்டம் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான விண்ணப்பங்கள் குவிந்து, குடும்பங்கள் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

கொரோனா காலத்தில் வேலையின்மை உதவித்தொகையில் பல மாநிலங்களில் பெரும் மோசடி நடந்ததும், திருடிய அடையாளங்களில் பணம் பறிபோனதும் உண்மை. அடையாளச் சரிபார்ப்பு இறுகியதற்கு அதுவே முக்கியக் காரணம். சரிபார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது சரிபார்ப்பது என்பதே என் கேள்வி. வேலை போவது திடீரென்று நிகழும், பிரசவம் அப்படியன்று. மருத்துவர் ஆறேழு மாதம் முன்பே தேதி குறித்துவிடுகிறார். அந்த மாதங்களில் பெயரையும் சம்பளப் பதிவையும் ஒப்பிட்டு முடித்துவிட்டால், குழந்தை பிறந்தபின் பிறந்த தேதியை மட்டும் தெரிவித்தால் போதுமே. மாசசூசெட்ஸ் விடுப்பு தொடங்குவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்க விடுகிறது. கலிபோர்னியாவோ பல ஆண்டுகள், குழந்தையோடு இருப்பதற்கான விடுப்பு தொடங்கும் நாளுக்கு முன் விண்ணப்பிக்கவே விடவில்லை. கையெழுத்துப் போடவும் உட்கார முடியாத நாள்களில் படிவத்தை நிரப்பு என்று சொல்லும் விதியைப் பிள்ளை பெற்ற எவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பேறுகாலத்துக்கு முந்தைய நாள்களுக்கான தொகையை, கருவுற்றதற்கான சான்று காட்டினால் முன்பணமாகவே கொடுத்துவிட வேண்டும்; மீதித் தொகையை, குழந்தை பிறந்ததற்கான சான்று காட்டிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் அமைப்புசார்ந்த வேலையில் இருப்பவர்களையே பெரும்பாலும் எட்டியது. 2017 திருத்தத்தின்படி 26 வாரச் சம்பளத்தையும் பெரும்பாலும் முதலாளியே சுமந்ததால், பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கிய நிறுவனங்களும் உண்டு. செலவை எல்லோரும் பகிரும் இங்குள்ள காப்பீட்டு முறை அந்த வகையில் மேலானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த 48 மணி நேரத்தை எழுதியவருக்கு, பிள்ளை பெற்ற வீட்டில் பணம் எப்போது தேவைப்படும் என்பது தெரிந்திருந்தது.

நான் கேட்பது இரண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் உரிமை எல்லா மாநிலங்களிலும் வேண்டும். ஐயம் எழுந்தால் சரிபார்ப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். சம்பளப் பதிவு இருக்கும் விண்ணப்பத்துக்கு இரண்டாம் வாரத்தில் ஒரு பகுதியாவது தற்காலிகமாக வழங்கட்டும். தவறென்று தெரிந்தால் திரும்பப் பெற அரசிடம் வழிகள் ஏராளம். ஐந்து வாரக் குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் தாயிடம் எந்த வழியும் இல்லை.

இப்போது காத்திருப்பவர்களுக்கு: உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தை அழையுங்கள். குடிமக்களின் இத்தகைய சிக்கல்களைத் துறையிடம் கொண்டுபோவதற்கென்றே அங்கே ஆள் இருக்கிறார்கள். ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் அங்கே வசிப்பவர் என்பதே போதும். என் விண்ணப்பம் நகர்ந்தது அப்படித்தான். அங்கிருந்து கேட்ட மூன்றாம் நாள் துறையில் இருந்து ஒரு பெண் அழைத்தார். பொறுமையாகக் கேட்டு, என் மகளின் பெயரை விசாரித்து, இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். அந்த இருபது நிமிடம் இரண்டாம் வாரத்திலேயே கிடைத்திருக்கலாம். ஊரில் இருந்து கிளம்பவிருப்பவர்கள், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பிவிடுங்கள். இங்கே இருப்பவர்கள், கருவுற்றது உறுதியானதும் சம்பளச் சீட்டையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

மாதிரிகளைக் கட்டும் பிரிவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு வரும் இலையுதிர்காலத்தில் இரண்டாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. போன வாரம் மதிய உணவு நேரத்தில் இருவரும் சம்பளப் பிரிவுக்குப் போய், அவருடைய இரண்டு குடும்பப் பெயர்களையும் அட்டையில் உள்ளபடியே பதியச் சொல்லி, மாற்றிய நகலைக் கையோடு வாங்கி வந்தோம்.