ரமணர் சொன்னாராம்!

காலை ஆறு மணிக்கே ஃபோனில் ஃபார்வர்டாக வந்துவிடுகிறது: ரமண மகரிஷி படம், கீழே ஒரு பொன்மொழி. எந்த நூல், எந்தப் பாட்டு என்று கேட்டால், “பகவானையே சந்தேகப்படுறீங்களா?” என்று பாய்கிறார்கள். பகவானை யார் சந்தேகப்பட்டது? அனுப்பியவரைத்தான்!

இதில் பெரிய கொடுமை, தமிழில் எழுதியவரை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிவந்த தமிழில் படிப்பது. ‘நான் யார்?’ என்ற சிறுநூலின் கட்டுரை வடிவம் அவரே எழுதியது. “சகல ஜீவர்களும் துக்கமென்பதின்றி எப்போதும் சுகமாயிருக்க விரும்புவதாலும்” என்று தொடங்கும். ஃபார்வர்டில் அது “எல்லோரும் மகிழ்ச்சியைத் தேடுகிறார்கள்” என்று இளைத்துப்போய் நிற்கிறது. துக்கமும் போச்சு, ‘எப்போதும்’ போச்சு. அந்த ‘ஆலும்’ அடுத்தடுத்து வந்து, ‘நான் யார் என்னும் ஞான விசாரமே முக்கிய சாதனம்’ என்ற இடத்துக்கு இழுத்துப்போகும் வாதமும் போச்சு.

சரிபார்ப்பது மலையேறும் வேலையில்லை. அவர் பாடிய ‘உள்ளது நாற்பது’ என்றால், நாற்பதில் எந்தப் பாட்டு என்று எண் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் மங்கல வாழ்த்துப் பாட்டு இரண்டும் அந்த நாற்பதில் சேராது, தனி. உரையாடல் என்றால் குறித்தவர் யார் என்று கேளுங்கள். அடியார் முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை குறித்தவற்றுக்கு எண்ணும் தேதியும் உண்டு. ஆனால் அவர் குறித்தது ஆங்கிலத்தில். அதன் தமிழ் வடிவம் மொழிபெயர்ப்பு. அதை ரமணரின் வாய்ச்சொல்லாகவே மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

எண் தெரியாதா? படத்தை மட்டும் அனுப்புங்கள், கும்பிட்டுக்கொள்கிறோம்.