அது புழு இல்ல அண்ணாச்சி, பொறிவண்டுக் குஞ்சு

அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. தட்டாம்பயறுல புகையிலைக் கஷாயம் அடிச்சிட்டு, "பாருங்க, புழு எப்படிச் சுருண்டு கெடக்கு"ன்னு ஒரு அண்ணாச்சி இலையைத் திருப்பிக் காட்டுறாரே, அதேதான். கருப்பு உடம்பு, முதுகுல ஆரஞ்சுப் புள்ளி, முன்பக்கம் ஆறு கால். அது புழு இல்ல, பொறிவண்டுக் குஞ்சு. செடியோட சாறை உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைத் தின்னுக்கிட்டிருந்த காவல்காரனைக் கொன்னுட்டு, "நன்மை செய்யும் பூச்சிக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு தலைப்பு வேற.

செடியில இருந்து எடுத்தா விஷம் இல்லன்னு யாரு சொன்னா? புகையிலையில இருக்குறது நிகோடின். தின்னணும்னுகூட இல்ல, மேல பட்டாலே நரம்பைத் தாக்கும். அசுவினி, பொறிவண்டு, தேனீன்னு பேதம் பாக்காது. நீங்க தெனமும் திட்டுற இமிடாகுளோபிரிட்டுங்கிற கெமிக்கல் மருந்தும் பூச்சி நரம்புல அதே இடத்தைத்தான் பிடிக்குது. இயற்கைப் பூச்சிவிரட்டின்னு காய்ச்சுற அக்னி அஸ்திரத்துலயும் புகையிலை சேருது, மறந்துறாதீங்க.

"அப்ப வேம்பும் கெடுதலா?" அப்படிச் சொல்லல. வேப்பங்கொட்டைக் கரைசல் இலையைத் தின்னுற பூச்சியைத்தான் முதல்ல பாதிக்கும். தீனி எடுக்காது, தோலுரிக்க முடியாது. பொறிவண்டு இலை தின்னாததால பாதிப்பு குறைவு. குறைவுதான், இல்லவே இல்லைன்னு இல்ல. இளங்குஞ்சு மேல நேரா பட்டா அதுவும் சாகலாம். வேப்பெண்ணெய்னா பூச்சியோட மூச்சுத் துளையையே அடைச்சிரும். அடிக்கணும்னா 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி வேப்பெண்ணெய், அதுதான் 3 சதம். அதையும் சோப்புக் கரைசல்ல நல்லா அடிச்சுக் கலக்கிட்டுத்தான் தண்ணியில ஊத்தணும். இல்லன்னா எண்ணெய் மேல மிதந்து, டேங்கு தீரும்போது வெறும் எண்ணெயா வந்து இலையே கருகும். வெயில்ல வேம்போட வீரியம் போயிரும், சாயங்காலம் அடிங்க. அசுவினி மொய்க்குற கொழுந்துல மட்டும் அடிச்சா போதும், வயல் பூராவும் எதுக்கு?

"எங்க தாத்தா அடிச்சாரே, பொறிவண்டு செத்தா போச்சு?" செத்துச்சு. தாத்தா வீடியோ எடுக்கல, அவ்வளவுதான்.

அசுவினி இணை சேராமலே குட்டி போடும். ஒரு வாரம் பத்து நாள்ல அந்தக் குட்டியும் குட்டி போடும். பொறிவண்டு முட்டையில இருந்து வண்டாக ரெண்டு மூணு வாரம் ஆகும். ரெண்டையும் சேத்துக் கொன்னா, யாரு முதல்ல திரும்பி வருவா?

நெல்லுலயும் இதே கூத்துதான். புகையான்ங்கிறது நெல்லுத் தூர்ல சாறு உறிஞ்சுற பூச்சி, அதைத் தின்னுறது சிலந்தி. புகையானுக்கு மருந்தடிக்குறதுக்கு முன்னாடி, தூருக்கு ஒரு சிலந்தி இருந்தா சிம்புக்கு, அதாவது தூர்ல உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், 2 பூச்சி வரைக்கும் பொறுக்கலாம். சிலந்தி இல்லன்னா 1தான் கணக்கு. பிசான நெல் பருவத்துல யாரு தூரை விலக்கிச் சிலந்தியை எண்ணுறா? பச்சையா ஒரு கஷாயத்தைக் கரைச்சு ஊத்துனா இயற்கை விவசாயி ஆயிரலாம்.

இதைத்தான் கமெண்டுல மரியாதையா சொன்னேன். "உரக்கடை ஏஜெண்டு"ன்னு ஒரு தம்பி எழுதுது, அதுக்கு நாப்பது லைக்கு. கெமிக்கல் அடிங்கன்னு ஒரு எழுத்து எழுதியிருக்கேனா? தம்பி, என் கமிஷனை எந்தக் கடையில போய் வாங்கணும்னும் சொல்லிட்டா புண்ணியமாப் போகும்.