ஊருக்கு வெளியே என்றால் சட்டம் வராதா?

"பெங்களூர்ல எம்.ஜி. ரோடு பக்கம் போகாதீங்க, ரிங் ரோடு தாண்டி உள்தெருவில் இருக்கிற சின்ன மசாஜ் பார்லர்தான் சேஃப், சுவரில் லைசென்ஸ் இருந்தால் கஸ்டமர் மேல் கேஸே வராது" என்று, காசு கொடுத்து பாலியல் சேவைக்கு இடம் தேடுபவர்களுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். சுவரில் மாட்டியிருப்பது கடை நடத்தும் உரிமம். பாலியல் தொழிலுக்கு அது அனுமதி ஆகாது. 1956-ம் வருட விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டலிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் வாடிக்கையாளருக்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. நம்ம ஊர் உள்தெருவில் முக்குக்கு முக்கு மாரியம்மன் கோயில், அப்புறம் ஒரு ஸ்கூல். எங்கே தப்புவது?

அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே இருக்கும் பெண். வேலை வாங்கித் தருகிறோம் என்று கூட்டி வந்து, ஆதாரையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அடைத்து வைப்பதற்கு ஆள் நடமாட்டமில்லாத இடம்தான் வசதி. கடத்தி வரப்பட்டவர் என்று நம்பக் காரணம் இருந்தும் போனால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 144-வது பிரிவில் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. சிறுமி என்றால் ஐந்து முதல் பத்து. அப்படிச் சந்தேகம் வந்தால் 112-க்கோ, குழந்தை என்றால் 1098-க்கோ உடனே கூப்பிடுங்கள்.